இ.எம். கரைசல்: வீட்டில் எங்கே எடுபடும், எங்கே எடுபடாது

இ.எம். (எஃபெக்டிவ் மைக்ரோஆர்கானிசம்ஸ்) என்ற நுண்ணுயிர்க் கரைசலை வாங்கி ஏமாந்தோம் என்பவர்களிடம் கொஞ்சம் துருவிக் கேட்டால், கோளாறு பெரும்பாலும் வெல்லத்தில் இருக்கும், இல்லாவிட்டால் தண்ணீரில்.

கடையில் பாட்டிலில் கிடைக்கும் பழுப்புத் திரவம் தாய்க்கரைசல். ஜப்பானின் ஒகினாவாவில் ரியூக்யூ பல்கலைக்கழகத் தோட்டக்கலைப் பேராசிரியர் தெருவோ ஹிகா 1980களின் தொடக்கத்தில் உருவாக்கியது. லாக்டிக் அமில பாக்டீரியா, ஈஸ்ட், ஒளிச்சேர்க்கை பாக்டீரியா மூன்றும் ஒரே அமிலக் கரைசலில் சேர்ந்திருக்கும். முதல் இரண்டும் நமக்குப் புதிதில்லை, இட்லி மாவைப் பொங்க வைப்பவைதான். தாய்க்கரைசலில் இவை அடங்கிக் கிடக்கும். அதை அப்படியே செடிக்கு ஊற்றுவது காசுக்குக் கேடு. வெல்லம் சேர்த்துப் பெருக்கிய பிறகுதான் பயன்படுத்த வேண்டும்.

20 லிட்டர் கேனுக்கு அளவு: தாய்க்கரைசல் 1 லிட்டர், வெல்லம் 1 கிலோ, தண்ணீர் 17 முதல் 18 லிட்டர். வெல்லத்தைத் தட்டிப்போட்டு இரண்டு லிட்டர் வெந்நீரில் கரைத்து, மண்ணும் கரும்புச் சக்கையும் போக வடிகட்டி, முழுக்க ஆறவிட வேண்டும். பாகு சூடாக இருக்கும்போதே தாய்க்கரைசலை ஊற்றினால் அன்றைக்கே கதை முடிந்தது. கேனில் மேலே நான்கு விரல் இடம் விட்டு மூடி, வெயில் படாத மூலையில் வைக்க வேண்டும்.

வெல்லம் எவ்வளவு கருப்போ அவ்வளவு நல்லது. மஞ்சளாகப் பளபளக்கும் அச்சுவெல்லத்தை நிறத்துக்காக ஹைட்ரோஸ் போட்டு வெளுத்திருக்கலாம். அதில் மிஞ்சும் சல்பைட் ஈஸ்டையும் பாக்டீரியாவையும் அமுக்கிவிடும். பத்து நாளானாலும் கேன் அசையாமல் கிடக்கும். தண்ணீரும் அப்படித்தான். பிளீச்சிங் பவுடர் கலந்து வரும் குழாய்த் தண்ணீரை வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்த பிறகே சேர்க்க வேண்டும். உப்பு படியும் போர்த் தண்ணீரில் வேறொரு சிக்கல்: அதிலுள்ள காரத்தன்மை, ஊறும்போது உண்டாகும் அமிலத்தைத் தின்றுவிடுவதால் புளிப்பு ஏற நாள் பிடிக்கும். மழைநீர் பிடித்து வைத்திருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

இரண்டாம் மூன்றாம் நாளில் கேனின் பக்கங்கள் கன்னம் உப்பியது போல விறைக்கும். மூடியை மெல்லத் திருகினால் சோடா திறந்த சத்தத்தோடு காற்று வெளியேறும்; உடனே மூடிவிட வேண்டும். ஒரு வாரம் வரை தினமும் ஒரு முறை இதைச் செய்ய வேண்டும். ஊருக்குப் போகிற வாரத்தில் ஊறப் போடாதீர்கள், கேன் வெடித்தால் சுவரெல்லாம் வெல்லப்பாகுதான். கண்ணாடி பாட்டில் கூடவே கூடாது. சித்திரை வெயிலில் ஆறேழு நாளில் தயாராகிவிடும், மார்கழியில் பத்து பன்னிரண்டு நாள் ஆகும். மேலே வெள்ளைப் படலம் வந்தால் பயப்பட வேண்டாம், அது ஈஸ்ட். பச்சை, கருப்புப் பூஞ்சையோ அழுகல் நாற்றமோ இருந்தால் கொட்டிவிடுங்கள். இனிப்பும் புளிப்பும் கலந்த வாசனையும், பி.எச். தாளில் 4-க்குக் கீழான அளவும் சரியான அடையாளம்.

தயாரானதிலிருந்து ஒரு லிட்டர் எடுத்து மறுபடி பெருக்கிக்கொண்டே போகலாம் என்று சொல்பவர்கள் உண்டு. மூன்றாவது சுற்றில் புளிப்பு இருக்கும், ஆனால் அந்தக் கலவை இருக்காது. வேகமாகப் பெருகுபவை மற்றதை ஓரங்கட்டிவிடும். ஒவ்வொரு முறையும் தாய்க்கரைசலிலிருந்தே தொடங்குவது நல்லது. கழிவை மக்க வைக்க விற்கும் 'வேஸ்ட் டீகம்போசர்' வேறு சரக்கு. 200 லிட்டர் தண்ணீரில் 2 கிலோ வெல்லம் போட்டு, தினமும் குச்சியால் கலக்கி வளர்ப்பது. அந்தப் பழக்கத்தில் இ.எம். கேனைத் தினமும் திறந்து கலக்கிக் கெடுப்பவர்கள் நிறைய.

இ.எம். சந்தேகமில்லாமல் எடுபடும் இடம் சமையலறைக் கழிவு. ஒரு கிலோ அரிசித் தவிட்டில் 20 மி.லி. தாய்க்கரைசல், 20 கிராம் வெல்லம், ஏறத்தாழ 300 மி.லி. தண்ணீர் கலந்து பிசற வேண்டும். பிடித்தால் கொழுக்கட்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் ஒழுகக் கூடாது. காற்றில்லாமல் கட்டி இரண்டு வாரம் வைத்து, நிழலில் உலர்த்திக்கொள்ளுங்கள். அடியில் குழாய் வைத்த மூடி வாளியில் நான்கு விரல் உயரத்துக்குக் கழிவு போடும்போதெல்லாம் இந்தத் தவிட்டில் ஒரு கைப்பிடி தூவி அழுத்தி மூட வேண்டும். வாளி நிறைந்த பின் இரண்டு வாரம் விட்டால் ஊறுகாய் வாசனை வரும். அது இன்னும் உரம் ஆகவில்லை. மண்ணில் புதைத்து மேலும் இரண்டு வாரம் கழித்தே செடி வைக்க வேண்டும். அவசரப்பட்டால் அமிலத்தில் வேர் கருகும். அடியில் வடியும் நீரை நூறு மடங்கு தண்ணீர் கலந்து அன்றன்றே ஊற்றிவிடுங்கள், மறுநாள் நாறும். சாம்பார் மீதத்தை வடிகட்டாமல் கொட்டுவதுதான் வாளி கெட்டுப்போக முதல் காரணம்.

சிங்க், குளியலறை வடிகால் நாற்றத்துக்கு, இரவு படுக்கும் முன் பெருக்கிய கரைசல் 100 மி.லி. ஊற்றி காலை வரை தண்ணீர் விடாமல் இருந்தால், மூன்று நான்கு நாளில் வித்தியாசம் தெரியும். முடியும் சோப்புக் கட்டியும் அடைத்த குழாயை இது திறக்காது. ஆசிட், ஃபினாயில், பிளீச்சிங் பவுடர் போட்ட வாரத்தில் ஊற்றுவது வீண். பிளீச்சிங் பவுடரோடு சேரவே விடக் கூடாது. அமிலம் பட்டால் அது குளோரின் வாயுவைக் கக்கும். செப்டிக் டேங்கில் ஊற்றினால் நாற்றம் குறையும். 'இனி லாரியே கூப்பிட வேண்டாம்' என்பது விற்பனைப் பேச்சு. மணலும் மக்காத கசடும் எந்த நுண்ணுயிருக்கும் அசையாது.

தோட்டத்துக்கு லிட்டருக்கு 2 மி.லி. கலந்து வேருக்கு, 1 மி.லி. கலந்து இலைக்கு, மாலையில் வாரம் ஒரு முறை. துணியில் வடிகட்டாவிட்டால் ஸ்ப்ரேயர் முனை அடைத்துக்கொள்ளும். அளவு கூட்டினால் இலை நுனி கருகும். இதனால் விளைச்சல் கூடுமா? சூரிச்சில் 2003 முதல் 2006 வரை நடந்த வயல் சோதனையில், உயிருள்ள கரைசலுக்கும் சூடாக்கி உயிர் நீக்கிய கரைசலுக்கும் வேறுபாடு காணவில்லை; தெரிந்த சிறு விளைவும் கூடவே சேர்த்த சத்துப்பொருளால் வந்தது என்றார்கள். குளிர்நாட்டு மண் வேறு என்று வாதிடலாம். ஆனால் தொழுவுரமும் மக்கு உரமும் இல்லாத தொட்டியில் இது எதையும் சாதிப்பதில்லை என்பதை மாடித்தோட்டம் போட்ட யாரும் சொல்வார்கள். மாவுப்பூச்சியையும் இது கொல்லாது.

கடப்பாக்கல் மேடை, மார்பிள், மொசைக் தரையில் கரைசல் சிந்தினால் உடனே துடையுங்கள். மூன்றுமே அமிலத்துக்கு இளகும். கேன் அடியில் கசிந்து ஓரிரவு கிடந்தால் மங்கலான வட்டம் விழும், தேய்த்தாலும் போகாது. கேன் மேல் ஊறப் போட்ட தேதியை மார்க்கரில் எழுதிவிடுங்கள். தயாராகி ஒரு மாதம், மிஞ்சினால் ஒன்றரை மாதம். அதற்குப் பிறகு மிச்சமிருப்பது கழிவறைக்கு.