வீடு வாங்கும் முன் இந்த வரைபடத்தைத் திறந்து பாருங்கள்: சிங்கப்பூர் யூஆர்ஏ ஸ்பேஸ், கூடவே மேக்ஸ்வெல் ரோட்டுக் காட்சிக்கூடம்

மூன்று வருடத்துக்கு முன் நானும் மனைவியும் மறுவிற்பனை வீடு தேடி அலைந்துகொண்டிருந்தபோது, ஒரு நாலறை வீடு பார்த்ததுமே பிடித்துப்போனது. ஒன்பதாவது மாடி. ஹால் ஜன்னலைத் திறந்தால் எதிரே பெரிய திடல், ஓரத்தில் வரிசையாகத் தூங்குமூஞ்சி மரங்கள், சாயங்காலம் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். கூட்டிக்கொண்டுபோன முகவர், "எதிர்ல ஒண்ணும் வராது, காத்தும் வெளிச்சமும் எப்பவும் இருக்கும்" என்று உறுதியாகச் சொன்னார். அன்று ராத்திரி, ஆபீஸ் நண்பர் ஒருவர் சொன்னதால், யூஆர்ஏ ஸ்பேஸ் தளத்தைத் திறந்து முகவரியைப் போட்டு அந்தத் திடலைத் தொட்டேன். குடியிருப்பு, பிளாட் ரேஷியோ 3.0 என்று வந்தது.

யூஆர்ஏ என்பது நகர மறுசீரமைப்பு ஆணையம். சிங்கப்பூரில் எந்த நிலம் எதற்கு என்று முடிவு செய்து பெருந்திட்டமாக வரைபவர்கள் இவர்கள்தான். அந்த வரைபடத்தை யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஒரு துண்டு நிலத்தைத் தொட்டால் இரண்டு விஷயம் தெரியும்: அதை எதற்காக ஒதுக்கியிருக்கிறார்கள், அதில் எவ்வளவு கட்டலாம். பிளாட் ரேஷியோ 3.0 என்றால், 1,000 சதுர மீட்டர் நிலத்தில் எல்லா மாடிகளையும் கூட்டி 3,000 சதுர மீட்டர் தளப்பரப்பு வரை எழுப்பலாம் என்று அர்த்தம். 1.4 என்று போட்டிருந்தால் உயரம் குறைவாகத்தான் இருக்கும், 3.0 என்றால் அடுக்குமாடிதான். அந்த ஒரு எண்ணை மட்டும் படிக்கத் தெரிந்தாலே போதும், நம் ஜன்னலுக்கு எதிரே என்ன வரும் என்று பாதி புரிந்துவிடும்.

அந்த வீட்டை நாங்கள் விட்டுவிட்டோம். அதே பிளாக்கில் பின்பக்கம் பார்த்த வீடு வாங்கினோம், அந்தப் பக்கம் இருக்கும் நிலம் வரைபடத்தில் பூங்கா. போன வருடம் திடலைச் சுற்றித் தகரத் தடுப்பு போட்டுவிட்டார்கள்.

இதை வீடு வாங்குபவர்களுக்கான சேவை என்று மட்டும் நினைக்க வேண்டாம். கடை வாடகைக்கு எடுப்பவர், பிள்ளையின் பள்ளிக்குப் பக்கத்தில் குடிபோக நினைப்பவர், தொழிற்பேட்டை ஓரத்தில் அறை பார்ப்பவர், எல்லோருக்கும் உதவும். வரைபடத்தில் ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் ஒரு நிறம் உண்டு. நீலம் என்றால் வணிகம். தொழில் நிலத்தை பிசினஸ் 1, பிசினஸ் 2 என்று பிரித்திருக்கிறார்கள்: முதலாவதில் சத்தமும் புகையும் குறைந்த தொழில்கள், குடியிருப்பிலிருந்து 50 மீட்டருக்கு மேல் தள்ளி வைக்கத் தேவையில்லாதவை. அதைவிடத் தொந்தரவானவை இரண்டாவதில் வரும். மஞ்சளாக இருந்தால் ரிசர்வ் சைட், என்ன வரப்போகிறது என்று இன்னும் முடிவாகவில்லை. மஞ்சளைப் பார்த்தால் நான் ஒருமுறைக்கு இரண்டுமுறை யோசிப்பேன், ஏனென்றால் அங்கே எது வந்தாலும் "முன்னாடியே சொல்லவில்லையே" என்று கேட்க முடியாது.

முக்கியமான ஒன்று சொல்ல வேண்டும். கண்ணுக்குப் பச்சையாகத் தெரிவது வேறு, வரைபடத்தில் பச்சையாக இருப்பது வேறு. டோவர் காடு இதற்கு நல்ல உதாரணம். 33 ஹெக்டேர், பறவையும் ஓடையுமாக முழுக் காடாகவே வளர்ந்து நின்றது, ஆனால் வரைபடத்தில் அது பல வருடமாகக் குடியிருப்பு நிலம். அங்கே வீடு கட்டப்போகிறார்கள் என்றதும் இயற்கை ஆர்வலர்களும் சாதாரண மக்களும் ஏராளமாகக் கருத்துச் சொன்னார்கள். 2021ல் கிழக்குப் பாதியில் வீடு, மேற்குப் பாதியை இப்போதைக்குத் தொடுவதில்லை என்று முடிவானது. பாதிக் காடாவது பிழைத்ததில் எனக்கு சந்தோஷம்தான். ஆனால் நிறம் குறித்த அன்றே யாராவது பார்த்துக் கேட்டிருந்தால் முழுசும் நின்றிருக்குமோ என்ற ஆதங்கம் இன்னும் போகவில்லை.

ஆகவே இன்னொரு பக்கமும் தெரிந்துகொள்ளுங்கள். பெருந்திட்டம் 5 வருடத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனைக்கு வரும். 2014, 2019, அப்புறம் 2025 ஜூனில் புதிய வரைவு. வரைவு வரும்போது காட்சிக்கு வைத்துக் கருத்துக் கேட்பார்கள், கருத்துச் சொல்ல அதுதான் சரியான நேரம். நிலத்தைச் சுற்றித் தடுப்பு வந்தபிறகு புகார் எழுதுவதில் பெரிய பலன் இருக்காது. நம்மவர்கள் இதில் கலந்துகொள்வது குறைவோ என்று எனக்குத் தோன்றுகிறது, எனக்கே வீடு தேடும்வரை இப்படி ஒன்று இருப்பது தெரியாது.

வரைபடத்தின் பெரிய குறை, அது "என்ன" என்று சொல்லும், "எப்போது" என்று சொல்லாது. குடியிருப்பு என்று குறித்த திடல் அடுத்த வருடமும் கட்டடமாகலாம், இருபது வருடம் புல்லாகவும் கிடக்கலாம். பாய லேபார் விமானப்படைத் தளம் 2030களிலிருந்து இடம் மாறும், சுமார் 800 ஹெக்டேர் நிலம் விடுபடும், சுற்றியுள்ள வட்டாரங்களின் கட்டட உயரக் கட்டுப்பாடும் தளரும் என்று அறிவித்திருக்கிறார்கள். ஹவ்காங் பக்கம் வீடு பார்ப்பவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும், ஆனால் எந்த வருடம் எந்தத் துண்டு என்பது வரைபடத்தில் கிடைக்காது.

இந்த நீண்ட கால விஷயம் புரிய வேண்டுமென்றால் மேக்ஸ்வெல் ரோட்டில் யூஆர்ஏ கட்டடத்திலேயே இருக்கும் சிங்கப்பூர் சிட்டி கேலரிக்கு ஒருமுறை போய் வாருங்கள். அனுமதி இலவசம். மேக்ஸ்வெல் எம்ஆர்டியில் இறங்கினால் நடக்கிற தூரம், சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டுப் பொடிநடையாகவே போய்விடலாம். நகரின் மையப்பகுதி முழுவதையும் சின்னச் சின்னக் கட்டடங்களாகச் செய்து வைத்திருக்கும் அந்தப் பெரிய மாதிரிதான் அங்கே முக்கியம். என் மகள் கோயிலைக் கண்டுபிடிக்கிறேன் என்று வெகுநேரம் அதைவிட்டு நகரவே இல்லை. நான் மரினா பே பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். 1970களில் கடலைத் தூர்த்து நிலமாக்கத் தொடங்கிய இடம், மரினா பே சாண்ட்ஸ் திறந்தது 2010ல். 1971லேயே முதல் நீண்ட காலத் திட்டத்தை வரைந்து, நடுவிலுள்ள நீர்ப்பிடிப்புப் பகுதியை வளைத்து ஊர்கள், விரைவுச்சாலை, சாங்கியில் விமான நிலையம் என்று கோடு போட்டவர்களில் எத்தனை பேர் அதையெல்லாம் கண்ணால் பார்த்தார்களோ.

திட்டம் போட்டபடியே எல்லாம் நடந்துவிடுவதும் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். 1822ல் வரைந்த ஜாக்சன் திட்டம் என்ற பழைய நகர வரைபடத்தில் இந்தியர்களுக்கு என்று ஆற்றோரமாக "சூலியா கம்போங்" குறித்திருந்தார்கள். ஆனால் நம் ஜனங்கள் பெரிதாக வேரூன்றியது சிராங்கூன் ரோட்டில். மாட்டுத் தொழிலும் செங்கல் சூளையும் அங்கே இருந்தன, வேலை இருந்த இடத்தில் குடி வந்தது. கோட்டில் இல்லாத அந்த இடம்தான் லிட்டில் இந்தியா ஆனது, 1989ல் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாகவும் அறிவித்தார்கள். இன்று அந்தப் பழைய கடைவீடுகளை இஷ்டத்துக்கு இடிக்க முடியாது என்பதற்கு அந்த அறிவிப்புதான் காரணம். லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்றால் வரைபடத்துக்கு நாலரை கொடுப்பேன், அரை நட்சத்திரம் அந்த "எப்போது" இல்லாததற்காக. காட்சிக்கூடத்துக்கு நாலு. திங்கள் முதல் சனி வரை காலை 9 மணியிலிருந்து மாலை 5 மணிக்குள் போக வேண்டும், ஞாயிறும் பொது விடுமுறையும் மூடியிருக்கும். எதிர்த் திடலில் இப்போது அஸ்திவார வேலை நடக்கிறது. அங்கே வேலை செய்யும் புதுக்கோட்டைத் தம்பி ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது காட்சிக்கூடத்தில் இருக்கும் அந்த நகர மாதிரியைப் பற்றிச் சொன்னேன். இதற்கு முன் தஞ்சோங் பகாரில் ஒரு கோபுரத்தில் வேலை பார்த்திருக்கிறாராம், "அந்தக் கட்டடமும் அதுல இருக்குமாண்ணே?" என்று ஆசையாகக் கேட்டார். இருக்கும் என்றேன். அவருக்கு லீவு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். மாதத்தில் ஒரு ஞாயிறாவது திறந்து வைக்கச் சொல்லி ஆணையத்துக்கு எழுதியிருக்கிறேன்.