படரும் ஜூனிப்பர்: நான்கு வருடம் வளர்த்தபிறகு எழுதும் விமர்சனம்

வீட்டின் முன்பக்கம் ஒரு சரிவு இருக்கிறது. புல் வெட்டும் மெஷினை அதில் நான் தள்ளுவதைவிட அது என்னைத் தள்ளுவதுதான் அதிகம். அந்த வேலையே வேண்டாம் என்றுதான் படரும் ஜூனிப்பர் வாங்கினேன், தரையோடு பரவும் ஊசியிலை இனச் செடி. லேபிளில் மூன்று விஷயம் போட்டிருந்தது: என்றும் பசுமை, களையை அடக்கும், பராமரிப்பு தேவையில்லை. மூன்றும் உண்மைதான், ஆனால் நான்காவது வருடத்திலிருந்து. அதுவரை என்ன செய்வது என்று எந்த லேபிளும் சொல்வதில்லை.

மொத்தம் 9 செடி வாங்கினேன். ஆறு 'வில்டோனி' ரகம், மூன்று 'புரோகம்பென்ஸ் நானா' ரகம். வில்டோனியைப் 'புளூ ரக்' என்றும் விற்பார்கள், நீலம் கலந்த சாம்பல் பச்சை. 1914-இல் அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் வினால்ஹேவன் என்ற தீவில் கண்டெடுத்த செடியின் வாரிசுகள் இவை. உயரம் 10, 15 செ.மீ. தாண்டாது, ஆனால் ஒரே செடி 2 மீட்டர் அகலம் வரை ஓடும். கல் இருந்தால் அதன்மேல் வழிந்து இறங்கும், பார்க்க அத்தனை அழகு. 'நானா' ரகம் ஜப்பான் பக்கத்துச் செடி, 30 செ.மீ. வரை மெத்தை மாதிரி எழும்பும், இலை ஊசி ஊசியாகக் குத்தும். கையுறை இல்லாமல் அதற்குள் கைவிட்டு ஒருநாள் களை பிடுங்கினேன், முழங்கை வரை சிவந்து இரண்டு நாள் அரித்தது.

நர்சரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். தொட்டியிலிருந்து உருவினால் வேர் உள்ளேயே வட்டமாகச் சுற்றிக் கயிறு மாதிரி இறுகியிருந்தது, நான்கு பக்கமும் கத்தியால் கீறிவிட்டுத்தான் நட்டேன். அதைவிட மோசம், வில்டோனி என்று கொடுத்த ஆறில் ஒன்று வில்டோனியே இல்லை. இரண்டாவது வருடம் கிளைகள் சாய்வாக மேலே கிளம்பி முழங்காலைத் தாண்டிவிட்டன. ஃபிட்சர் என்ற வேறு ஜூனிப்பர் வகையாக இருக்க வேண்டும், அது ஆள் உயரத்துக்குக்கூட வரும். பிடுங்கிப் பின்பக்கம் வைத்தேன். வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்: நிஜ வில்டோனி என்றால் தொட்டி விளிம்பைத் தாண்டிக் கிளைகள் தொங்கும், நிமிர்ந்து நிற்காது.

இப்போது களை. இதுதான் பெரிய விஷயம். 2 மீட்டர் படரும் என்று நம்பி ஒன்றரை மீட்டர் இடைவெளி விட்டு நட்டேன், அதில் தவறில்லை, ஆனால் முதல் இரண்டு வருடம் சரிவு முழுக்க வெறும் மண்ணும் நடுவில் ஒன்பது பச்சைப் பொட்டும்தான். நெருக்கி நட்டால் சீக்கிரம் மூடிவிடும் என்று பக்கத்து வீட்டுக்காரர் 60 செ.மீ.யில் நட்டார். மூடியது உண்மைதான், அப்புறம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, வெளிச்சம் படாத அடிக்கிளைகள் எல்லாம் காய்ந்து பழுப்பாகிவிட்டன. அதனால் இடைவெளி விட்டே நடுங்கள், நடுவில் மரப்பட்டை மூடாக்கு ஐந்தாறு செ.மீ. போடுங்கள். ஆனால் நடுவதற்கு முன் அருகம்புல் மாதிரி வேரோடும் புல்லை அடியோடு ஒழித்துவிடுங்கள். நான் மேலோட்டமாகக் கொத்திவிட்டு நட்டேன். இன்றைக்கும் ஒரு நானாவின் வயிற்றுக்குள்ளிருந்து புல் எட்டிப் பார்க்கிறது, பிடுங்கினால் பாதி அறுந்து மீதி உள்ளேயே தங்கிவிடுகிறது.

தண்ணீர் தேங்கினால் இதற்கு எமன். சரிவின் அடியில், மழைநீர் வந்து நிற்கும் இடத்தில் வைத்த வில்டோனி முதலில் வெளிறி, பிறகு மொத்தமாகக் காய்ந்தது. பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் கறுத்து அழுகல். மேலே வைத்தவற்றுக்கு வேர் பிடித்தபிறகு கோடையில்கூட அபூர்வமாகத்தான் தண்ணீர் விடுகிறேன். வெயில் நாளுக்கு ஆறு மணி நேரமாவது வேண்டும், மரநிழலில் வைத்தால் நரைத்த தாடி மாதிரி மெலிந்துபோகும்.

முதல் குளிர்காலத்தில் வில்டோனி ஊதா கலந்த பழுப்புக்கு மாறியதும் போச்சு என்று நினைத்து வாளி வாளியாக ஊற்றினேன். குளிருக்கு அது அப்படித்தான் நிறம் மாறும், வசந்தத்தில் தானே திரும்பிவிடும். கவலைப்பட வேண்டியது வசந்தத்தில் புதுத்துளிரின் நுனி மட்டும் காய்வதற்கு. காய்ந்த பகுதிக்கும் பச்சைக்கும் நடுவில் சாம்பல் நிறப் பட்டை, அதில் கறுப்புப் புள்ளி என்றால் ஃபோமோப்சிஸ் என்ற பூஞ்சணம். மேலிருந்து தெளிக்கும் ஸ்பிரிங்க்ளரை நிறுத்திவிட்டு, இலை உலர்ந்திருக்கும் நாளில் வெட்டி எறிந்தேன், மறுவருடம் வெகுவாகக் குறைந்தது. செடி முழுக்கத் தூசு படிந்தமாதிரி மங்கினால் கிளைக்கடியில் வெள்ளைத்தாள் பிடித்துத் தட்டிப் பாருங்கள். விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் அது சிலந்திப்பேன்.

நான் செய்த பெரிய தப்பு வேறு. நடைபாதையிலிருந்து 40 செ.மீ. தள்ளி இரண்டு செடி வைத்தேன், 2 மீட்டர் படரும் செடியை! மூன்றாவது வருடம் பாதையை மறித்ததும் கத்தரிக்கோலால் நேர்க்கோடு போட்டு வெட்டினேன். பச்சை இல்லாத பழைய கட்டையிலிருந்து ஜூனிப்பர் மறுபடி துளிர்க்காது என்பது வெட்டியபிறகுதான் தெரிந்தது. வாசலுக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அந்தப் பழுப்புக் குச்சிச் சுவரைத்தான்.

மேல்சரிவு மட்டும் என்றால் ஐந்துக்கு ஐந்து. மண் அரிப்பு நின்றுவிட்டது, மெஷின் ஷெட்டில் தூங்குகிறது. லேபிளுக்காக ஒன்று குறைத்து நான்கு நட்சத்திரம். தரையைத் தொட்டு வேர்விட்ட இரண்டு கிளைகளைப் பதியன் மாதிரி வெட்டி எடுத்துத் தொட்டியில் வைத்திருக்கிறேன், செத்துப்போன வில்டோனியின் இடத்துக்கு. இந்தமுறை மண்ணை மேடு கட்டிவிட்டுத்தான் நடப்போகிறேன்.