கொழிஞ்சாம்பாறைல ஹார்ட் டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுத்த லேப் பத்தி

அண்ணனுக்கு 44 வயசுலயே அட்டாக் வந்துருச்சுங்க, அதுலருந்து வீட்டுல யாருக்கும் நிம்மதி இல்ல, நானும் அப்பாவும் ரத்தம் குடுத்துப் பாத்துரலாம்னு இங்க கொழிஞ்சாம்பாறைலயே ஒரு லேபுக்குப் போனோம். ஹார்ட் பேக்கேஜ் 850 ரூபா, கொலஸ்ட்ரால், ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சக்கரை), ஹெச்எஸ் சிஆர்பி (உடம்புக்குள்ள அழற்சி இருக்கான்னு காட்டறது) எல்லாம் சேத்து.

ரத்தம் எடுக்கற பொண்ணு மலையாளி, தமிழ் நல்லா பேசுது. நான் மூக்கத் தொடைக்கறதப் பாத்துட்டு "சளியா அண்ணா? அப்ப சிஆர்பி இப்ப வேண்டாம், சளி இருந்தா அது ஏறித்தான் காட்டும், ரெண்டு வாரம் கழிச்சு வாங்க"ன்னு அந்தக் காசக் கொறச்சுத்தான் பில்லே போட்டுச்சு. அந்த டெஸ்ட்ல 1க்குக் கீழ இருந்தா நல்லது, 3க்கு மேல ரிஸ்க் ஜாஸ்தி, 10 தாண்டுனா பெரும்பாலும் வேற ஏதோ இன்ஃபெக்‌ஷன்தான், இது தெரியாம பயந்து போறவங்க இருக்காங்க. வர்ற காச வேண்டாம்னு சொல்ல மனசு வேணுங்க. அப்பாவுக்கு நரம்பே கெடைக்காது, ஒரே குத்துல எடுத்துருச்சு.

ஆனா சக்கரைக்கு மாத்திரை போடற மனுசன வெறும் வயித்தோட 7 மணிலருந்து 10 மணி வரைக்கும் உக்கார வெச்சுட்டாங்க, அப்பாவுக்கு கை நடுங்கிருச்சு, எனக்கு அழுகையே வந்துருச்சு. கொலஸ்ட்ரால் பாக்க பொதுவா வெறும் வயிறு தேவையில்லீங்க, ஹார்ட் டாக்டருங்க சங்கமான கார்டியாலஜிக்கல் சொசைட்டி ஆஃப் இந்தியா 2024லயே சொல்லிட்டாங்க, ஹெச்பிஏ1சிக்கும் வேண்டாம்.

ரிப்போர்ட் சாயங்காலமே வாட்ஸப்ல வந்துச்சு. எனக்கு எல்டிஎல்ங்கற கெட்ட கொழுப்பு 128, நார்மல்னு போட்டிருந்தாங்க. ஆனா மொத்த கொலஸ்ட்ரால் 212, ஹெச்டிஎல்ங்கற நல்ல கொழுப்பு 36, கழிச்சா 176, அதுதான் "நான்-ஹெச்டிஎல்" (non-HDL), எல்டிஎல்லோட மத்த கெட்ட கொழுப்பும் சேந்தது, 130க்குள்ள இருந்தா நல்லது. டிரைகிளிசரைடுங்கற இன்னொரு கொழுப்பு 240 இருக்கறப்ப இதத்தான் பாக்கோணும், ரிப்போர்ட்ல அந்த வரியே இல்ல, நானே பேனா எடுத்துக் கணக்குப் போட்டேன்.

இன்னொண்ணு லிப்போபுரோட்டீன் ஏ, இதுவும் ரத்தத்துல ஓடற ஒரு கெட்ட கொழுப்புதான், பேக்கேஜ்ல கெடையாது, கேட்டதுக்கு 900 ரூபா தனியா வாங்கிட்டு கொச்சிக்கு அனுப்பி மூணு நாள்ல குடுத்தாங்க. இது பரம்பரையா வர்றது, வாழ்க்கைல ஒரு தடவையாவது பாத்துரோணும், சின்ன வயசுல அட்டாக் வந்த குடும்பத்துல கண்டிப்பா. 50 mg/dLக்கு மேல போனா ரிஸ்க், எனக்கு 78.

ரெண்டு ரிப்போர்ட்டையும் டாக்டர்கிட்ட காட்டியாச்சு, மாத்திரை ஆரம்பிச்சாச்சு. அண்ணன் பையனுக்கு 19 ஆச்சு, அடுத்த வாரம் அவனையும் இதே லேபுக்குத்தான் கூட்டிட்டுப் போறேன், காலைல இட்லி சாப்பிட வெச்சுட்டு.