ரோபோ கூட்டத்துக்கு வைஃபையா, அல்ட்ரா-வைட்பேண்டா?

நான்கு ரோபோக்கள் சேர்ந்து ஒரு கட்டடத்தின் உள்பக்கத்தை வரைபடமாக்க வேண்டும். ஜிபிஎஸ் உள்ளே எடுக்காது. லேசர் ஒளியால் சுற்றியுள்ள தூரங்களை அளக்கும் லைடாரை வைத்து ஒவ்வொன்றும் தன் வரைபடத்தைப் போட்டுவிடும், நான்கையும் ஒன்றாக ஒட்டுவதில்தான் சிக்கல். ஒரே மாதிரி நீளும் இரண்டு நடைபாதைகளில் எது எதுவென்று லைடாருக்குப் புரியாது. அங்கேதான் வயர்லெஸ் சிக்னல் கைகொடுக்கிறது. வைஃபை, அல்ட்ரா-வைட்பேண்ட் (மிகக் குறுகிய ரேடியோ துடிப்புகளால் தூரத்தை அளக்கும் முறை) இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு, இரண்டாவதன் பக்கம் வந்துவிட்டேன்.

வைஃபை ஏற்கெனவே எங்கும் இருக்கிறது, புதிதாக எதையும் மாட்ட வேண்டாம், இது எல்லோருக்கும் தெரிந்ததே. அதன் உண்மையான பலம் வேறு. வைஃபை சிக்னலை அனுப்பும் பெட்டியான ஒவ்வொரு ஆக்சஸ் பாயிண்டும் தனக்கே உரிய முகவரியை ஓயாமல் அறிவித்துக்கொண்டிருக்கும். இரண்டு ரோபோக்கள் அதே ஏழெட்டு முகவரிகளை ஏறக்குறைய அதே வலுவில் கேட்டிருந்தால், இரண்டும் ஒரே பகுதியைக் கடந்திருக்கின்றன என்று நம்பலாம். அந்த இரட்டை நடைபாதைக் குழப்பம் இதில்தான் தீர்ந்தது.

ஆனால் பராமரிப்பு! சிக்னல் வலுவை வைத்து இடம் சொல்ல, முன்பே இடம் இடமாக அளந்த பதிவு வேண்டும், அந்தப் பதிவு நாளாக நாளாகக் கெட்டுப்போகும். அலமாரியை நகர்த்தினால் மாறும், ஆக்சஸ் பாயிண்டுகள் தாமாகவே அனுப்பும் திறனைக் கூட்டிக் குறைத்தாலும் மாறும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மனித உடம்பே உறிஞ்சிவிடும். நின்ற இடத்தில் நிற்கும் ரோபோவின் முன்னால் ஒருவர் வந்து நின்றார், திரையில் −58 dBm என்றிருந்த சிக்னல் வலு −66க்கு இறங்கியது. ஆளில்லாத இரவில் எடுத்த பதிவு கூட்டமான பகலுக்குப் பொருந்தாமல் போக, திரும்பத் திரும்ப அளந்தே அலுத்துவிட்டது. அத்தனை செய்தும் பிழை சில மீட்டர்.

அல்ட்ரா-வைட்பேண்ட் வலுவைப் பார்ப்பதில்லை, அலை போய்வரும் நேரத்தை அளக்கிறது. ஒரு நானோ நொடிக்கு அலை சுமார் 30 செ.மீ. போகும். பயன்படுத்தும் அலைவரிசைப் பட்டையின் அகலம் 500 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு இருப்பதால் துடிப்பு மிகக் குறுகியது, நேராக வந்த அலையையும் சுவரில் பட்டு வந்ததையும் பெரும்பாலும் பிரித்துவிட முடிகிறது. நடுவே தடை இல்லாவிட்டால் பிழை 10 செ.மீ. அளவில்தான். அதைவிட முக்கியம், ரோபோக்கள் ஒன்றையொன்று நேரடியாக அளந்துகொள்கின்றன, அதனால் பழையதாகிப் போகப் பதிவு என்று எதுவுமே இல்லை. ஆண்டெனா தாமதத்தை, அதாவது கருவிக்குள்ளேயே சிக்னல் எடுத்துக்கொள்ளும் நேரத்தை, திருத்தும் வேலை மட்டும் ஆரம்பத்தில் உண்டு: டேப் பிடித்து 5 மீட்டரில் வைத்த இரண்டு கருவிகள் 5.4 என்று காட்டின, அந்த வித்தியாசத்தைக் கழித்ததோடு சரி.

குறை இல்லாமல் இல்லை. தூரம் தெரியும், திசை தெரியாது. ரோபோக்கள் கொஞ்சம் நகர்ந்து, சக்கரங்கள் எவ்வளவு உருண்டன என்ற கணக்கோடு சேர்த்துப் பார்த்த பிறகுதான் இடமா வலமா என்று தெளிவாகும். நடுவே சுவரோ இரும்போ வந்தால் தூரம் கூடுதலாகக் காட்டும். பிழை பெரும்பாலும் அந்த ஒரு பக்கமே சாய்வதால், வழக்கத்தைவிட நீண்ட அளவைச் சந்தேகித்து ஒதுக்கலாம். அப்புறம், நான்கு ரோபோக்களுக்கு 6 ஜோடிகள்தான், பத்து என்றால் 45. ஒரே அலைவரிசையில் முறைவைத்துப் பேச வேண்டும். அவ்வளவு பெரிய கூட்டத்தை நான் ஓட்டியதில்லை, அங்கேயும் இதுவே சரி என்று அடித்துச் சொல்ல மாட்டேன். வைஃபையிலேயே நேரத்தை அளக்கும் எஃப்டிஎம் முறையும் உண்டு, அதைத் தொட்டுப் பார்த்ததோடு விட்டுவிட்டேன்.

வைஃபை ஸ்கேனை இன்னும் அணைக்கவில்லை. ரொம்ப நேரம் பிரிந்திருந்த இரண்டு ரோபோக்கள் ஒரே பகுதிக்கு வந்துபோனதா என்று பார்க்க மட்டும் அது ஓடுகிறது.