நாலு வருடம் கழித்து: பழைய காரின் சைலன்சர் வரிசையைப் பிரித்து மாட்டிய அனுபவம்

என் பழைய காரின் புகைக்குழாய் வரிசை முழுவதையும் கழற்றி மறுபடி மாட்டி நாலு வருடம் ஆகிவிட்டது. கார்புரேட்டர் வைத்த, நாலு சிலிண்டர் பெட்ரோல் வண்டி. ஆக்சிஜன் சென்சார் இல்லை, கேட்டலிடிக் கன்வர்ட்டர் இல்லை. சிலிண்டர்களின் புகையை ஒன்றாகச் சேர்க்கும் மேனிஃபோல்டு, முன்குழாய், நடு சைலன்சர், பின் சைலன்சர், அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று நினைத்து இறங்கினேன். முதல் வருடத்தில் மட்டும் மூன்று தடவை வண்டிக்கு அடியில் படுக்க வேண்டியிருந்தது.

முதல் தடவை கெடுத்தது, பேஸ்ட்டை நம்பியது. சூட்டில் இறுகுமே, சோடியம் சிலிக்கேட் கலந்த சாம்பல் நிறப் பேஸ்ட், அதை எல்லா இணைப்பிலும் தாராளமாக அப்பினேன். மேனிஃபோல்டும் முன்குழாயும் சேரும் பிளாஞ்சில்கூட, அதாவது நட்டு போட்டு இறுக்கும் தட்டை விளிம்பில்கூட, நடுவில் வைக்கும் பேக்கிங்கின் இரண்டு பக்கமும். போதாததற்கு, இறுக்கிய கையோடு இஞ்சினையும் ஓடவிட்டேன். பேஸ்ட்டில் இருந்த தண்ணீர் கொதித்து, நுரைத்துப் பொங்கி, தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இறுகியது.

ஒரு மாதத்தில் காலை ஸ்டார்ட்டில் டிக் டிக் என்று ஒரு சத்தம். வண்டி சூடானதும் போய்விடும். வால்வைத் தள்ளும் டேப்பெட்டின் சத்தம் என்று முடிவு கட்டி, வால்வு இடைவெளியெல்லாம் அளந்து ஒரு நாளை வீணடித்தேன். உண்மையில் அது பிளாஞ்சில் புகை கசியும் சத்தம். சூடேறி இரும்பு விரிந்ததும் இடுக்கு அடைந்துகொள்கிறது, சத்தமும் நின்றுவிடுகிறது. இணைப்பின் ஓரத்தில் விசிறி மாதிரி படிந்திருந்த கரியை முதலிலேயே பார்த்திருந்தால் விஷயம் புரிந்திருக்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது சைலன்சரில் படபடவென்று வெடித்ததும் இதே கசிவினால்தான். வெளிக்காற்றை உள்ளே இழுத்து, எரியாமல் வந்த பெட்ரோல் ஆவியை அங்கேயே பற்ற வைக்கிறது.

இரண்டாம் தடவை கழற்றியபோது பிளாஞ்சில் நட்டு மாட்டும் தலையில்லாத மரைக்கம்பிகளான ஸ்டட்டுகளில் இரண்டு உடைந்தன. துருவை இளக்கும் எண்ணெயை முதல் நாள் இரவே ஊற்றிவைத்து, மறுநாள் சூடு காட்டி, முன்னும் பின்னுமாகக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பியிருக்க வேண்டும். எனக்குப் பொறுமை இல்லை. உடைந்ததைத் துளைபோட்டு எடுத்து மரை சீர்செய்யவே அரை நாள் போனது. சரி, போனது போகட்டும் என்று பிளாஞ்சின்மேல் நேர்விளிம்புக் கம்பியை வைத்துப் பார்த்தால், நடுவில் இடைவெளி அளக்கும் 0.3 மி.மீ. பீலர் கேஜ் தகடு தடையில்லாமல் நுழைகிறது. யாரோ எப்போதோ ஒரு பக்கத்தை மட்டும் முரட்டுத்தனமாக இறுக்கியிருக்கிறார்கள். எத்தனை பேஸ்ட் போட்டாலும் இது அடைபடாது. அரம் போட்டுச் சமன் செய்து, புதுப் பேக்கிங் வைத்து, பேஸ்ட்டே இல்லாமல் மாட்டினேன். அந்த இணைப்பு இன்றுவரை கசியவில்லை.

பழைய வண்டிகளில் ஒட்டியிருக்கும் பேக்கிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். கம்பி பிரஷ் போட்டு உலர்ந்த தூளாகத் தேய்க்காதீர்கள். நனைத்து, முகமூடி போட்டு, மெதுவாகச் சுரண்டி எடுங்கள்.

மூன்றாம் தடவை விரிசல் விட்டது நடு சைலன்சரின் முன் வெல்டிங். காரணம் நான் இறுக்கிய வரிசை. முன்னாலிருந்து ஒவ்வொன்றாக முழுசாக இறுக்கிக்கொண்டே போனதில், குழாயைத் தாங்கும் கடைசி ரப்பர் தொங்கலை இழுத்துப் பிடித்துத்தான் மாட்ட முடிந்தது. 3 மீட்டர் இரும்புக் குழாய் சராசரியாக 300 டிகிரி சூடேறினால் சுமார் 11 மி.மீ. நீளும். போக இடமில்லை என்றால் எங்காவது பிளக்கத்தானே செய்யும்? இப்போது செய்வது இப்படி: எல்லாவற்றையும் கை இறுக்கத்தில் தொங்கவிட்டு, ரப்பர்கள் நேராகத் தொங்குகின்றனவா, ஆக்சில் மேலே வரும்போது குழாய் இடிக்குமா என்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் முன்னாலிருந்து இறுக்குகிறேன். நாலைந்து தடவை சூடாகி ஆறிய பின் பிளாஞ்ச் நட்டுகளை இன்னொரு தடவை பார்க்க வேண்டும். பேக்கிங் அமுங்கிக் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

ஒரு குழாய்க்குள் இன்னொன்று நுழையும் இணைப்புகளில் மட்டும் இன்னும் பேஸ்ட் போடுகிறேன். எமரி பேப்பரால் துரு நீக்கி, உள்ளே போகும் குழாயின் வெளிப்பக்கம் மட்டும் மெல்லிசாகத் தடவி, ஓர் இரவு உலரவிட்டு, காலையில் இஞ்சினை ஐடிலில் பத்து நிமிடம். நாலு வருடமாக நிற்கிறது. செம்பு நிற சிலிகானை வால்முனைப் பக்கம் ஒரே இணைப்பில் சோதனைக்குப் போட்டேன், அங்கே நன்றாகவே இருக்கிறது. ஆனால் அது தாங்குவது சுமார் 350 டிகிரி வரை. வண்டியை விரட்டினால் மேனிஃபோல்டு 600-ஐத் தாண்டும், அங்கே சிலிகானுக்கு வேலை இல்லை.

எனக்கு அறவே பிடிக்காமல் போனது, யூ வடிவக் கம்பியால் குழாய் இணைப்பை இறுக்கும் யூ கிளாம்ப். நன்றாக இறுக்குகிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் குழாயையும் சேர்த்து நசுக்கிப் பள்ளம் போட்டுவிடுகிறது. அடுத்த தடவை அதைப் பிரிக்க ரம்பம்தான். பட்டையாகச் சுற்றிப் பிடிக்கும் கிளாம்ப்புக்கு மாறிவிட்டேன்.

கசிவு பார்க்க நான் செய்வது: ஆறிய இஞ்சினை வெட்டவெளியில் ஸ்டார்ட் செய்து, இன்னொருவரை வால்முனையைத் தடித்த துணியால் சில விநாடி மட்டும் அழுத்தச் சொல்வேன். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழ் வரும். வண்டி ஸ்டாண்டில் நிற்க வேண்டும், ஜாக்கியில் இல்லை. மூடிய ஷெட்டில் இதைச் செய்யவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

இப்போது தொந்தரவு பின் சைலன்சர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வருகிறது. பக்கத்துத் தெருவரை ஓட்டி நிறுத்தினால் அது வெளியேறாமல் உள்ளேயே தங்கி அரிக்கிறது. ஸ்க்ரூ டிரைவரால் தட்டினால் அடிப்பக்கம் பொதபொதவென்று இருக்கிறது, மாற்ற வேண்டும். போன வாரம் அதற்காக அடியில் போனபோது பிளாஞ்ச் நட்டுகளையும் திருப்பிப் பார்த்தேன். உடைந்த ஸ்டட்டுகளுக்குப் பிறகு பித்தளை நட்டும், மரை பிடித்துக்கொள்ளாமலிருக்க நிக்கல் கிரீஸும் போட்டிருந்தேன். மூன்றும் சாதாரண ரிங் ஸ்பேனரிலேயே சத்தமில்லாமல் இளகின.