டிரில், கிரைண்டர்: மோட்டாரைவிட பிளாஸ்டிக்கைத்தான் பார்க்கிறேன்

பல வருடங்களாகப் பல கம்பெனிகளின் டிரில், கிரைண்டர், ரோட்டரி ஹாமர் எல்லாம் தினசரி வேலையில் ஓட்டியிருக்கிறேன். பெரிய பிராண்டுகளுக்குள் மோட்டார் பலத்தில் ஏறக்குறைய எல்லாமே சமம்தான். நாள்பட நாள்பட வித்தியாசம் தெரிவது பாடியிலும் பிடியிலும் பேட்டரி மாட்டும் இடத்திலும்தான்.

மோட்டாரின் கார்பன் பிரஷ் மாற்றக் கிரைண்டரைக் கழற்றும்போது பாடியின் உட்பக்கம் பாருங்கள். நல்ல கருவிகள் பலவற்றில் 'பிஏ6-ஜிஎஃப்30' என்று சின்ன எழுத்தில் அச்சாகியிருக்கும். நைலான் 6, அதில் எடைக்கு 30 சதவீதம் கண்ணாடி இழை. உருகுவதற்கு 220 டிகிரி வேண்டும். ஆயிலும் கிரீஸும் பட்டாலும் அசையாது. மலிவான கருவிகளில் வரும் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக் 100 டிகிரியை நெருங்கும்போதே இளகத் தொடங்கும். அப்புறம் பேரிங் உட்காரும் குழி தளர்ந்து, மோட்டாரில் சுழலும் ஆர்மேச்சர் ஆடி, சத்தம் மாறிவிடும். மோட்டார் போய்விட்டது என்று தூக்கிப் போடும் கருவிகளில் பலவற்றுக்கு உண்மையான கோளாறு இதுதான்.

இந்த நைலானை மகிட்டாவோ போஷோ தயாரிப்பதில்லை. பிஏஎஸ்எஃப்பின் அல்ட்ராமிட், என்வாலியரின் டியூரெத்தான், செலனீஸின் சைடெல் போன்றவை கெமிக்கல் கம்பெனிகள் செய்யும் இந்த வகைச் சரக்குகள். சைடெல் 2022 வரை டியூபாண்ட் கையில் இருந்தது. மற்ற பிளாஸ்டிக்குகளிலும் இப்படித்தான்: ஜிஇ பிளாஸ்டிக்ஸ் கம்பெனி 2007இல் சாபிக்கிடம் போனது, பேயரின் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் தொழில் 2015இல் கோவெஸ்ட்ரோ என்ற தனிக் கம்பெனி ஆனது. முதலாளி மாறினாலும் சரக்கின் பெயர் அப்படியே நிற்கும். அதனால் இவற்றை ஒப்பிட நான் பார்ப்பது சரக்கின் பலம், விறைப்பு எல்லாம் போட்ட டேட்டா ஷீட்டைத்தான். நைலானுக்கு அதில் இரண்டு கணக்கு இருக்கும்: காய்ந்த நிலை, காற்றின் ஈரத்தை உறிஞ்சிய நிலை. அல்ட்ராமிட் பி3இஜி6 காய்ந்த நிலையில் 9500 மெகாபாஸ்கல் விறைப்பு, ஈரம் ஏறியதும் 6200. குறைந்துவிட்டதே என்று நினைக்க வேண்டாம். அந்த ஈரம்தான், கருவி கீழே விழுந்தால் உடையாமல் காப்பாற்றுகிறது.

பேட்டரி விஷயத்தில் என் ஓட்டு மகிட்டாவுக்கு. 2005இல் வந்த 18 வோல்ட் வரிசை இன்னும் தொடர்கிறது. டிவால்ட்டின் '20 வோல்ட் மேக்ஸ்' கூடுதல் பலம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஐந்து லித்தியம் செல், ஒவ்வொன்றும் 3.6 வோல்ட் என்றால் 18. முழு சார்ஜில் நான்கு வோல்ட்டுக்கு மேல் என்று கணக்குப் போட்டால் 20. கான்கிரீட்டைத் துளைக்க மட்டும் நான் எடுப்பது ஹில்டி. கைக்கு வரும் அதிர்வு அதில் எனக்குக் குறைவாகவே படுகிறது.

மனசு விட்டுப்போனது ஒரு கருவியில்தான், பெயர் வேண்டாம். அதன் ரப்பர் பிடி நாளடைவில் பிசுபிசுவென்று ஆகி, அழுக்கெல்லாம் ஒட்டிக்கொண்டது. கை வியர்வை, எண்ணெய், வெயில் மூன்றும் சேர்ந்து மட்டமான ரப்பரை இப்படித்தான் இளக்கும். அதற்காகத் தின்னர் போட்டுத் துடைக்காதீர்கள், இன்னும் கெடும். பாலிகார்பனேட்டில் செய்த கண்ணாடி மாதிரிக் கவசத்தில் தின்னர் பட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விட்டு, அடி படும்போது உடைந்துவிடும். சோப்புத் தண்ணீர், ஈரத் துணி போதும்.

இப்போது புதிதாக எது வாங்கினாலும் பாடியும் பிடியும் தனி உதிரிபாகமாகக் கிடைக்குமா என்று முதலில் கேட்கிறேன். போஷ், மகிட்டா இரண்டுமே எல்லாப் பாகத்துக்கும் எண் போட்ட வரைபடம் தருகின்றன. அந்த எண்ணைச் சொன்னால் சர்வீஸ் சென்டரில் வேலை சுலபம்.