சர்க்கரை ஆலையில் சர்க்கரையைக் காணாத கருவி: நான்கு அரவைப் பருவ அனுபவம்

பால் பதப்படுத்தும் ஆலை ஒன்றில் கழிவுநீர்ப் பிரிவைக் கவனிக்கும் நண்பர், சென்ற வாரம் தொலைபேசியில், "உங்கள் ஆலையில் உள்ளதுபோல் சி.ஓ.டி.யை அந்தந்த நிமிடமே காட்டும் புற ஊதா சென்சார் ஒன்றை நாங்களும் வாங்கலாமா?" என்று கேட்டார். (சி.ஓ.டி. என்பது நீரிலுள்ள கரிமப் பொருளை வேதிமுறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு, கழிவின் செறிவைக் காட்டும் எண்.) அன்று காலையில்தான் அதே கருவிக்கு விளக்கு மாற்றிய பில்லில் கையெழுத்திட்டிருந்தேன் என்பதால், என் பதில் சற்றுச் சூடாகவே வந்துவிட்டது. ஆறிய பிறகு முறையாக எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன், முழுவதும் ஆறியபாடில்லை.

கழிவுநீர் ஆலையை விட்டு வெளியேறும் இடத்தில் இருக்கும் கருவியைப் பற்றி இங்கே பேசவில்லை. மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 2014 பிப்ரவரியில் 17 வகைத் தொழில்களுக்கு இத்தகைய கருவியைப் பொருத்தச் சொல்லிப் பிறப்பித்த உத்தரவில் சர்க்கரை ஆலைகளும் அடக்கம் என்பதால், அது எங்கள் விருப்பத்தைக் கேட்டு வந்ததன்று. நான் சொல்வது, கழிவுநீரைச் சேர்த்துச் சீராக்கும் சமநிலைத் தொட்டிக்குள் அது விழும் இடத்தில் நாங்களே ஆசைப்பட்டு வாங்கி மாட்டிய இரண்டாவது கருவியைப் பற்றி. ஆய்வகத்தில் சி.ஓ.டி. பார்க்க டைக்ரோமேட்டுடன் இரண்டு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும், நுண்ணுயிர்கள் கழிவைத் தின்னச் செலவாகும் ஆக்சிஜனைக் காட்டும் பி.ஓ.டி.க்கோ 27 டிகிரியில் மூன்று நாள் காத்திருக்க வேண்டும். விடை கைக்கு வரும்போது அந்தத் தண்ணீர் காற்றூட்டத் தொட்டிக்குள் போய், அங்கே கழிவைத் தின்னும் நுண்ணுயிர்களை என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்து முடித்திருக்கும். அதற்கு முன்பே எச்சரிக்கை கிடைக்கட்டும் என்பதுதான் எங்கள் எண்ணம்.

எண்ணத்தில் பிழையில்லை. ஆனால் இந்தக் கருவி கரிமப் பொருளை நேரடியாக அளப்பதில்லை. நீர் வழியே புற ஊதா ஒளியைச் செலுத்தி, 254 நானோமீட்டரை ஒட்டிய பகுதியில் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்த்து, அதிலிருந்து சி.ஓ.டி.யைக் கணிக்கிறது. பென்சீன் வளையமோ ஒன்றுவிட்டு ஒன்றாக அமைந்த இரட்டைப் பிணைப்புகளோ உள்ள மூலக்கூறுகள்தாம் அந்த ஒளியை நன்றாக உறிஞ்சும். கரும்புச் சர்க்கரையில் இரண்டுமே இல்லை. சர்க்கரை ஆலைக்குச் சர்க்கரை தெரியாத கண்ணை வாங்கி வைத்திருக்கிறோம் என்பது எனக்கு இரண்டாவது பருவத்தில்தான் உறைத்தது.

அந்தப் பருவத்தில் ஓர் இரவு, பாகைக் காய்ச்சிப் படிகமாக்கும் வேக்குவம் பேன் ஒன்றில் பாகு பொங்கி, ஆவியோடு சேர்ந்து ஆவியைக் குளிர்விக்கும் கண்டென்சர் தண்ணீரில் கலந்து, அந்தத் தண்ணீரை ஆறவைக்கும் ஸ்ப்ரே பாண்ட் நிரம்பி வழிந்து எங்களிடம் வந்தது. பார்வைக்குத் தெளிந்த தண்ணீர். திரையில் வழக்கமான எண்ணே நின்றது. விடியற்காலையில் காற்றூட்டத் தொட்டியில் கரைந்த ஆக்சிஜன் 2 மில்லிகிராமிலிருந்து 0.5க்கும் கீழே இறங்கியபோதுதான் விஷயம் தெரிந்தது. தொட்டிக்குள் இருந்த நுண்ணுயிர்களுக்குத் தெரிந்தது அதற்கு முன்னால் மாட்டியிருந்த கருவிக்குத் தெரியவில்லை. கசடு சரியாகப் படியாமல் மிதந்து, நிலையம் பழைய நிலைக்கு வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று.

சர்வீஸ் பொறியாளரை வரவழைத்தோம். அவர் கொண்டுவந்திருந்த, சி.ஓ.டி. முன்பே தெரிந்த நிர்ணயக் கரைசலில் கருவியை முக்கிக் காட்டினார். 500 இருக்க வேண்டிய இடத்தில் ஏறத்தாழ 500 வந்தது. அந்தக் கரைசல் பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட். அதில் பென்சீன் வளையம் இருக்கிறது. புற ஊதா ஒளிக்கு அதைவிடப் பிடித்தமான பொருளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நான் எங்கள் கிடங்கிலிருந்து ஒரு கிராம் வெள்ளைச் சர்க்கரை எடுத்து, ஒரு லிட்டர் வடிநீரில் கரைத்துக் கொடுத்தேன். கணக்குப்படி அதன் சி.ஓ.டி. 1,120 மில்லிகிராம். திரையில் எண் அசையவே இல்லை. உங்கள் கழிவுநீருக்கு ஏற்ப மறுபடி கலிபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்றார் அவர். அதையும் செய்தோம். சர்க்கரைக்கும் மற்ற கரிமப் பொருளுக்கும் உள்ள விகிதம் மாறாத நாட்களில் கருவியும் ஆய்வகமும் ஒத்துப்போகின்றன. விகிதம் குலைவது விபத்து நடக்கும் நாளில்தான், நாங்கள் கருவி வாங்கியதும் அந்த நாளுக்காகத்தான்.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், கொதிகலனுக்குப் போகும் நீரில் சர்க்கரை கலந்திருக்கிறதா என்று பார்க்க எங்கள் ஆய்வக உதவியாளர் பல ஆண்டுகளாகச் செய்துவரும் சோதனைக்குச் சில சொட்டு ஆல்பா நாப்தாலும் கொஞ்சம் கந்தக அமிலமுமே போதும். சர்க்கரை இருந்தால் ஊதா வளையம் தெரியும். இப்போது கழிவுநீர் வாய்க்காலிலும் மணிக்கு ஒருமுறை அதைச் செய்கிறோம். லட்சக்கணக்கில் செலவழித்த பிறகு அந்தச் சோதனைக் குழாயிடம்தான் திரும்பிப் போயிருக்கிறோம்.

துடைக்கும் வேலையையும் சொல்ல வேண்டும். தானாகக் காற்றடித்துச் சுத்தம் செய்துகொள்ளும் என்றார்கள். மில் ஹவுஸ் பேரிங்குகளிலிருந்து வடியும் எண்ணெய், கண்ணாடியில் படலமாகப் படிந்தால் காற்றுக்கு அசையாது. எண் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். வாரம் இருமுறை ஆள் இறங்கி, ஆல்கஹால் நனைத்த துணியால் துடைக்க வேண்டியிருக்கிறது. சுண்ணாம்புப் படிவுக்கு நீர்த்த அமிலம் வேறு.

இனி, மனசாட்சிக்காக ஒன்று. மூன்றாவது பருவத்தில் இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையே வரைபடத்தில் சிறு படிகள்போல் ஏற்றம் தெரியத் தொடங்கியது. பகல் பத்து மணிக்கு எடுக்கும் மாதிரியில் அது ஒருநாளும் அகப்பட்டிருக்காது. மூன்று இரவுகள் வரைபடத்தோடு உட்கார்ந்து பார்த்ததில், மொலாசஸ் (சர்க்கரை பிரித்த பின் எஞ்சும் கழிவுப்பாகு) பம்ப் ஓடும் நேரத்தோடு அது அப்படியே பொருந்தியது, பம்பின் தண்டைச் சுற்றியுள்ள அடைப்பில், அதாவது கிளாண்டில், கசிவு. மொலாசஸ் கருமையானது, அதிலுள்ள நிறப்பொருள்கள் புற ஊதா ஒளியை ஆசையாக விழுங்குபவை. எத்தனை காலமாக ஒழுகிக்கொண்டிருந்ததோ, அன்றே அடைத்தோம். அந்த வரைபடத்தை அச்சிட்டு அறையில் ஒட்டி வைத்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது.

இருந்தும் நண்பருக்கு என் பதில், வாங்க வேண்டாம் என்பதே. மொலாசஸ் கதையைச் சொல்லிவிட்டு இப்படி முடிப்பது முரண்தான். அந்த பில் இன்னும் என் மேசையில் கிடக்கிறது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும். பாலின் புரதம் 280 நானோமீட்டர் அருகே உறிஞ்சும், கொழுப்பு ஒளியைச் சிதறடிக்கும், ஆகவே பால் கொட்டினால் அவர் கருவிக்குத் தெரியும். புரதம் நீக்கிய மோர்த்தெளிவில் கரைந்து வரும் லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை தெரியாது. மேலதிகாரிகள் வாங்கியே தீருவது என்றால், விற்பனையாளர் செயல்விளக்கத்துக்கு வரும் நாளில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிராம் லாக்டோஸைக் கரைத்துத் தயாராக வைத்திருந்து, அவருடைய கரைசலுக்கு முன்னால் அதில் முக்கச் சொல்லட்டும்.